கோச் பொங்கச் சொன்னார்

எழுபதுகளில் சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் எனக்கு வேலை. எஸ்டேட் வாலிபால் டீமில் ஸ்மாஷ் அடிக்கிறவனாக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை கிடையாது. கை நீளம், வாய் அதைவிட நீளம். குதிப்பதுதான் வராது. அடிக்கிற பந்தெல்லாம் வலையில்தான் போய் விழும்.

புதிதாக வந்த கோட்டயத்து ஃபீல்டு ஆபீசர் டீமுக்குக் கோச் ஆனார். என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார். "எடா, நீ நல்லோணம் பொங்ஙணம். எந்நால் டீமில் எடுக்காம்."

எனக்கு மலையாளம் அரைகுறை. நன்றாகப் பொங்கினால் டீமில் எடுப்பார் என்ற மட்டும் புரிந்தது. எங்கள் லயத்து வீடுகளில் பொங்குவது என்றால் சோறாக்குவது. டீமில் சேர இதுவும் ஒரு முறை போலிருக்கிறது என்று, மறுநாளே வீட்டு ரேஷன் அரிசியைக் கொண்டுவந்து கிரவுண்டு ஓரத்தில் அடுப்பு மூட்டினேன். சோறும் கருவாட்டுக் குழம்பும். எல்லாரும் மூக்குப் பிடிக்கத் தின்றார்கள். கோச்சும் தின்றார். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சோறு போடுகிறவனிடம் யார் காரணம் கேட்பார்கள்?

மழைக்காலம் முழுக்கப் பொங்கினேன். மேட்சுக்கு ஆள் எடுத்தபோது என்னை விட்டுவிட்டார்கள். ஆத்திரம் தாங்காமல் கோச் முன்னால் போய் நின்றேன்.

"பொங்கச் சொன்னீங்க, பொங்கிப் போட்டேன். இன்னும் என்ன சார் செய்யணும்?"

அவர் திருதிருவென விழித்தார். ஃபேக்டரியில் வேலை பார்க்கும் எங்கள் கேப்டன்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏலே கிறுக்குப் பயலே! அவுக பாசையில பொங்குறதுன்னா மேல எழும்புறதுலே. ஒன்னயக் குதிக்கச் சொல்லியிருக்காரு!"

அங்கேயே குதித்துக் காட்டினேன். விரலில் சுண்ணாம்பைத் தடவி ஃபேக்டரிச் சுவரைத் தொடச் சொன்னார்கள். நின்றபடி தொட்ட அடையாளத்துக்கும் குதித்துத் தொட்டதற்கும் நடுவில் ஒரு பல்லி படுக்கலாம். என் சோற்றை என்னைவிட அதிகம் தின்றவர் யாருமில்லையே. "உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகுமா?" என்றார் கேப்டன். அவரைக் கடித்து வைக்கலாம் போலிருந்தது.

சூரியநெல்லிப் பக்கத்து டீம் ஆட வந்தது. வந்தவர்களுக்கு மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. என் கோபத்தையெல்லாம் ஆட்டுக்கறிக் குழம்பில் காட்டினேன். எங்கள் ஆட்களை மேட்ச் முடிந்துதான் சாப்பிட வேண்டும் என்று கோச் தடுத்துவிட்டார். வந்தவர்களோ மறுபடி மறுபடி வாங்கித் தின்றுவிட்டு, வலைக்கு முன்னால் மண்ணோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய பெரிய ஸ்மாஷர் குதிக்கப் போய் ஏப்பம் விட்டார். ஜெயித்துவிட்டோம்.

எங்கள் ஆட்கள் ஓடி வந்து என்னைத் தோளில் தூக்கினார்கள். வலையோரமாகப் போகையில் கையை நீட்டிப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் வலைக்கு மேலே இருந்தது! அடுத்த மேட்சில் நான்தான் ஸ்மாஷ் அடிக்கப் போகிறேன் என்று சத்தியமாக நம்பினேன். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

கிரவுண்டைச் சுற்றி வருவார்கள் என்று பார்த்தால், நேரே அடுப்புக்கு முன்னால் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள்.

"வந்தவனுவ ஒரு பருக்கை மிச்சம் வைக்கல. சீக்கிரம் உலை வைலே, பசியில உயிர் போகுது" என்றார் கேப்டன்.