கதவில் எழுதிய ‘ஸ்பெஷல்’

மவுண்ட் ஆல்பர்ட் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பதினெட்டு வருடம் கேர்டேக்கராக இருந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே ஒழுகாத கூரை என்று ஒன்று இல்லை. இன்று நிற்கிற சைக்கிள் ஷெட் நான் கட்டியது. சக்கர நாற்காலி ஏறுவதற்கு மூன்று ராம்ப் போட்டிருக்கிறேன். அதில் ஒன்று, கான்ட்ராக்டர் வந்து பார்த்து முடியாது என்று தலையாட்டிவிட்டுப் போன இடத்தில். ஹாலை இரண்டாகப் பிரிக்கும் தடுப்பு என் கைவேலை. தோட்டத்துக் கண்ணாடிக் கூடம் மூன்று முறை காற்றில் சரிந்தது. நாலாம் முறை நான் நட்டேன், இன்னும் அசையவில்லை.

இவ்வளவுக்கும் நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய வருடத்தில் சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடினோம். ஓடிய ஓட்டம் கடைசியில் இந்தத் தீவு நாட்டில், ஒடாஹுஹு என்ற ஊரில் வந்துதான் நின்றது. ஆங்கிலம் படித்தது பெயின்ட் டப்பாக்களில். நன்றாகக் கலக்கவும், இரண்டு கோட் அடிக்கவும், பிள்ளைகளிடமிருந்து தள்ளி வைக்கவும். பள்ளிக்கூட வேலையில் கடைசி வசனத்தை மட்டும் கடைப்பிடிக்க முடியவில்லை.

இனி இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்காக, நான் கட்டியதில் ஆகச் சின்னதைப் பற்றி எழுதுகிறேன்.

ஸ்டோர் ரூம்

இந்த நாட்டில் பள்ளிக்கூடம் முடிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கண்டம் உண்டு. மற்றப் பாடங்களில் எத்தனை கிரெடிட் குவித்தாலும், வாசிப்பு, எழுத்து, கணக்கு டெஸ்டுகளில் தேறாவிட்டால் சான்றிதழ் கைக்கு வராது. ஹாலில் கூட்டமாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். எழுத்து டக்கென்று பிடிபடாத பிள்ளைகளுக்கு, வீட்டார் சம்மதித்தால், தனி அறை, இடையில் எழுந்து நடக்க அனுமதி என்று சில வசதிகள் கொடுப்பார்கள். அந்த ஏற்பாட்டுக்கு ஸ்பெஷல் என்று தொடங்கும் ஒரு நீளப் பெயர். மிச்சப் பெயர் என் நாக்கில் ஏறவில்லை. ஸ்பெஷல் ஏறியது.

அதற்குப் பொறுப்பான டீச்சர் டெப்ரா. நூலகத்துக்குப் பின்னால் உடைந்த கதிரைகளும் கூடைப்பந்து வலைகளும் கிடந்த ஸ்டோர் ரூமைக் காட்டி, அதைத் தனி அறையாக்கித் தரக் கேட்டார். ஆக்கினேன். சுவருக்குள் சத்தம் தாங்கும் பஞ்சு அடைத்தேன். கதவின் அடியில் ரப்பர் ஒட்டினேன். டிக் டிக் என்ற மணிக்கூட்டைக் கழற்றினேன். பள்ளி அதிபரின் மீட்டிங் அறையில் இருந்த, சாய்ந்து உட்காரும் நல்ல கதிரை ஒன்று தானாகவே நடந்து இங்கே வந்து சேர்ந்தது.

கையெழுத்து

அந்த வருடம் கடைசி வகுப்பில் வர்ஷினி என்று ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை. என் இலை ஊதும் மெஷின் நின்றுபோனபோது மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்துப் பூட்டி ஓடவைத்தவள். விமான மெக்கானிக் கோர்ஸில் அவளுக்கு இடம் வைத்திருந்தார்கள், சான்றிதழோடு வந்தால். எழுத்து டெஸ்டில் இரண்டு முறை தவறியிருந்தாள். நூறு கீபோர்டு ஒன்றாகத் தட்டினால் தன் தலையில் உள்ள சொல்லெல்லாம் எழுந்து ஓடிவிடும் என்பாள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு முறை.

அவளுடைய அப்பா கார்த்திக்கு எல்லர்ஸ்லியில் பெரிய ஐ.டி. வேலை. டெப்ராவைப் பார்த்துவிட்டு, சம்மதப் படிவத்தைக் கசக்கியபடி வந்தார். நான் ஏணியில் நின்று லைட் மாற்றிக்கொண்டிருந்தேன்.

“என்ன தம்பி, கடுதாசி என்ன பாவம் செய்தது?”

“உங்களுக்கென்னண்ணே. இதுல கையெழுத்துப் போட்டா, எம் பொண்ணுக்குக் குறைன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. கோயில்ல நாலு பேரு கேப்பாங்க.”

“என்னெண்டு கேப்பினம்?”

“அவளுக்கு மட்டும் எதுக்குத் தனி ரூம்னு.”

இறங்கி வந்தேன். “உங்கட ஊர்ப் பெரிய கோயில்ல ஸ்பெஷல் தரிசனத்துக்கு நிண்டிருக்கிறியளோ?”

“நின்னிருக்கேன்.”

“நிக்கேக்க ஆராவது வந்து, உமக்கு உடம்புக்கு என்ன வருத்தம், சனத்தோட சனமா நிக்க ஏலாதோ எண்டு கேட்டவையோ?”

“கேக்கல. வயிறெரிஞ்சாங்க.”

“பிறகென்ன? இதிலயும் ஸ்பெஷல் எண்டுதானே போட்டிருக்கு. சாமி ஒண்டுதான் தம்பி. நெரிசல்தான் இல்லை.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “அண்ணே, நீங்க சேல்ஸ்ல இருக்க வேண்டிய ஆளு” என்று சொல்லி, ஏணிப் படியில் படிவத்தை நீவி விரித்துக் கையெழுத்துப் போட்டார். மாஸ்டர் டிகிரி வைத்திருந்த டெப்ரா ஒரு மணி நேரம் பேசியும் விழாத கையெழுத்து அது.

சிவப்பு பெயின்ட்

அந்த வெற்றி என் தலைக்கு ஏறியது என்பதை மறைக்கவில்லை. டெஸ்ட் நாளன்று விடியவே போய், அறைக் கதவில் சிவப்பு பெயின்டால் சாண் உயரத்தில் SPECIAL என்று எழுதினேன். சுற்றிவர மஞ்சளில் பார்டர். ஸ்பெல்லிங்கை போனில் பார்த்துத்தான் எழுதினேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

வர்ஷினி வந்தாள். கதவைப் பார்த்தாள். நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் போன இரண்டு பொடியன்கள் அதை உரக்க வாசித்துவிட்டு, ஒருவன் முதுகில் ஒருவன் அடித்துச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

“அங்கிள், ஹூ ரோட் திஸ்?”

“நான்தான். வடிவா இருக்கோ?”

“டூ யூ ஈவன் நோ வாட் இட் மீன்ஸ்?”

“ஓம். மேலான ஆக்கள்.”

“நோ, அங்கிள். இட் மீன்ஸ் மக்கு.” அந்த ஒரு சொல்லைத் தமிழில் சொன்னாள், எனக்கு விளங்கவேண்டும் என்று. “ஸ்கூல்ல எல்லாரும் அப்படித்தான் யூஸ் பண்ணுவாங்க. ஐ’ம் கோயிங் டு த ஹால்.”

உள்ளே லேப்டாப்போடு காத்திருந்த டெப்ரா சத்தம் கேட்டு வெளியே வந்து, கதவைப் பார்த்து வாயைப் பொத்தினார். வெறும் எழுத்துத்தானே, உள்ளே வா என்று அவர் கெஞ்சினார். பிள்ளை அசையவில்லை. ஹாலுக்குப் போனால் என்ன ஆகும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். டெஸ்ட் தொடங்கப் பத்து நிமிடம்.

ஐம்பது வயது தாண்டிய என் மண்டையில் அப்போதுதான் ஏறியது. அப்பாவைக் கையெழுத்துப் போட வைத்த அதே சொல்தான் மகளை வாசலில் மறித்தது. தமிழ் வாயில் அது பாராட்டு. இந்தப் பிள்ளைகளின் இங்கிலீஷில் அது கல்லெறி.

பெயின்டைச் சுரண்ட நேரமில்லை. மேலே அடித்தால் மணம் பிள்ளையின் தலையைக் கிறங்கடிக்கும். “ஒரு நிமிசம் நில் பிள்ளை” என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவரோடு ஓடினேன். ஆசிரியர் கழிவறைக் கதவில் STAFF ONLY என்று ஒரு அகலமான பலகை. நாலு ஸ்க்ரூ. கழற்றினேன், ஓடிவந்தேன், என் எழுத்தின் மேல் பூட்டினேன். என் சிவப்பு எழுத்து முழுவதும் அதற்குள் மறைந்தது. மஞ்சள் பார்டர் மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்த்தது.

வர்ஷினி வாசித்தாள். மூக்கைச் சுருக்கினாள். பிறகு சிரிப்பு வெடித்தது.

“ஸோ ஐ’ம் ஸ்டாஃப் நௌ?”

“ஓம் மிஸ். உள்ளுக்குப் போங்கோ மிஸ்.”

“டோன்ட் கால் மீ மிஸ்.” போனாள்.

அவள் எழுதி முடிக்கும்வரை நான் அந்த நடையில் நின்றேன். புல் வெட்ட வந்தவனைத் திருப்பி அனுப்பினேன். ஆசிரியர் கழிவறையை ஒன்பதாம் வகுப்புப் பொடியன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். துணை அதிபர் அவர்களோடு வரிசையில் நின்றதாகக் கேள்வி. அது என் பிரச்சினை இல்லை.

தேறிய பிறகு

தேறிவிட்டாள். சான்றிதழ் வந்தது, கோர்ஸில் சேர்ந்தாள். கார்த்தி கோயிலில் லட்டுப் பெட்டியோடு சுற்றினார். “ஸ்பெஷல் ரூம்ல எழுதுனா, தெரியுமா?” என்று வாய் கொள்ளாமல் சொன்னார். அடுத்த தவணைப் பள்ளிக்கூடம் தொடங்கியதும் வாசலில் தமிழ்ப் பெற்றோர். “எங்க பையனுக்கும் ஸ்பெஷல் போடுங்க மேடம்.” அதில் பாதிப் பேரின் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தேவையில்லை, டெப்ரா தலையில் கைவைத்தார். ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கு அது உண்மையாகவே தேவைப்பட்டது. அவர்கள் வீட்டார் அதுவரை பள்ளியில் மூச்சுக் காட்டவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கதவில் எதையாவது எழுதுமுன், அந்தக் கதவால் போகிற ஆளைக் கேள். பிறகு நான் வர்ஷினியிடம், கதவில் என்ன போடலாம் என்று கேட்டேன். “ஜஸ்ட் எ நம்பர், அங்கிள்” என்றாள். இப்போது அதில் வெறும் இலக்கம்தான்.

நான் ஓய்வு பெற்ற பின் பள்ளியின் செய்தி மடல் ஒன்று கைக்கு வந்தது. தமிழ்க் குடும்பங்கள் முன்வந்து வசதி கேட்பதற்குப் பள்ளி அனுப்பிய கையேடே காரணம் என்று எழுதியிருந்தார்கள். ஒருவரைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டேன். அந்தக் கையேட்டையும் தேடிப் பிடித்துப் பார்த்தேன். ஐந்து மொழியில் இருக்கிறது. தமிழ் அதில் இல்லை.

ஆகவே அதிபருக்கு என் கோரிக்கை. அடுத்த மடலில் திருத்தம் போட வேண்டும். அறையைச் செய்தது, தகப்பனைச் சம்மதிக்க வைத்தது, பிழையான சொல்லை எழுதியது, அதை மறைத்தது, நாலும் ஒரே ஆள். நாலையும் போடுங்கள், மூன்றாவதை மரியாதைக்காக விட்டுவிட வேண்டாம். ஆளின் பெயர் செல்லத்துரை. பதினெட்டு வருடமாக ‘செல்’ என்று கூப்பிட்டீர்கள், பொறுத்தேன். அச்சில் முழுப் பெயரும் வரவேண்டும்.