புலி வண்டிக்கு ரெண்டு நம்பர்

லாரிக்காரனுக்கு எதிரே வருவதெல்லாம் பயம். பின்னால் டிரெய்லர் கட்டிக்கொண்டவனுக்கு முதுகுப் பக்கத்துப் பயமும் சேர்ந்துகொள்ளும். அந்த டிரெய்லருக்குள் புலியும் இருந்து, போகிற வழியில் மாநில எல்லையும் இருந்துவிட்டால்? டிரெய்லர் இழுத்துப் பிழைத்தவர் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

ஆந்திரா தனி மாநிலமாகியிருந்த காலம். சித்தூர் ஆந்திராவில், வேலூர் மெட்ராஸில். நான் சித்தூரில் ஒரு முதலாளியிடம் லாரி ஓட்டினேன். கிளீனர் என் மனைவியின் அண்ணன் கோவிந்தன். ஒரு சின்ன சர்க்கஸ் கம்பெனி எங்கள் லாரியை வாடகைக்குப் பிடித்து, ராணி என்ற புலியின் கூண்டு வண்டியை ஊர் ஊராக இழுக்கும் வேலையைக் கொடுத்தது. ராணியை ஆட வைத்தவர் சரோஜம்மா, வேலூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். கூண்டுக்கு முன்னால் இருந்த பலகையில் உட்கார்ந்துதான் வருவார். "கேபின்ல வாங்கம்மா" என்று கூப்பிட்டால், "நான் பக்கத்துல இல்லன்னா அது பயந்துக்கும்" என்பார். அது பயந்துகொள்ளுமாம்!

நம்பர் படித்தவர்

டிரெய்லருக்கு ஒரு சட்டம் உண்டு. அதன் சொந்த நம்பர் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பின்னால், அதை இழுக்கிற லாரியின் நம்பர் இருக்க வேண்டும். கூண்டு வண்டி மெட்ராஸில் பதிவானது; லாரி ஆந்திரா. ஆகவே பக்கத்து நம்பரில் மெட்ராஸ் எழுத்து, பின் நம்பரில் ஆந்திரா எழுத்து. பார்க்கிறவர்களுக்கெல்லாம் திருட்டு வண்டி போலவே இருக்கும்.

சித்தூரில் பிரேக் இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்தார். முன்பக்கம் பார்த்தார், பக்கவாட்டைப் பார்த்தார். பின்பக்கம் போனபோது ராணி கம்பியோரமாக வந்து படுத்தது. அதன் மூச்சு நம்பர் பலகை மேலேயே அடித்தது. பலகையில் சேறு. துடைக்கச் சொன்னார். நான் கோவிந்தனைப் பார்த்தேன், கோவிந்தன் என்னைப் பார்த்தான். கடைசியில் நான்தான் துணியோடு போனேன். துடைத்து முடிப்பதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் புளியமரத்தடியில் நின்றபடியே தலையாட்டினார்: "ஏமய்யா, நம்பர் பாகுந்தி, நல்லா இருக்கு. கூண்டுப் பூட்டை மட்டும் நீயே பாத்துக்கோ, நான் ரெண்டு பொண்ணைக் கட்டிக் குடுக்கணும்."

வெயிலில் நின்ற நாள்

வேலூர் ஆட்டம் முடிந்து திரும்பும்போது எல்லைச் சாவடியில் மறித்தார்கள். லாரிக்கு இரண்டு மாநிலத்திலும் ஓட அனுமதி இருந்தது, டிரெய்லருக்கு இல்லை. முதலாளியும் மறந்துவிட்டார், கம்பெனியும் மறந்துவிட்டது. "லாரி போகலாம், டிரெய்லர் இங்கேயே நிக்கட்டும்" என்றார் சாவடி அதிகாரி.

நல்ல அக்னி வெயில். தகரக் கூரை கொதித்தது. ராணி முதலில் உறுமியது, பிறகு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரைத்தது, பிறகு ஒரு மூலையில் சாய்ந்தது. நானும் கோவிந்தனும் வயல் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். புலி செத்தால் கம்பெனி எங்களை விடாது; கூண்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தால் அது எங்களை விடாது. எதற்கு அதிகமாகப் பயப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

அதிகாரி மசியவில்லை. சரோஜம்மா கூண்டை விட்டு இறங்கி நேரே அவர் மேஜைக்குப் போனார். சண்டை போடவில்லை, அழவில்லை. கூண்டுச் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"வண்டி உங்க கிட்டயே இருக்கட்டும் சார். பொழுது சாயறப்ப துன்றதுக்குக் கறி கேக்கும், கையால ஊட்டினாத்தான் துன்னும்."

இறக்கம்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும்போது பாகாலா தாண்டி ஓர் இறக்கம். பாதியில் பின்னால் 'டங்' என்று சத்தம். டிரெய்லரை லாரியோடு பிணைக்கிற கொக்கியின் ஆணி கழன்றுவிட்டது. காவலுக்குப் போட்டிருந்த சங்கிலி ஒன்றுதான் இழுத்துக்கொண்டிருந்தது. பிரேக்கை அழுத்தினால் டிரெய்லர் வந்து முதுகில் மோதும். அழுத்தாவிட்டால் லாரி ஓடும். இரண்டுக்கும் நடுவே, கூண்டு முன்பலகையில் சரோஜம்மா.

வளைவு திரும்பினால், ரோடு நிறைய மஞ்சள் வேட்டி. திருமலைக்கு நடந்து போகிற கூட்டம். குழந்தைகளைத் தோளில் சுமந்தவர்கள், கோல் ஊன்றிய கிழவர்கள். ஹாரனை விடாமல் அழுத்தினேன். "ஓரம் போ! ஓரம் போ!" என்று கோவிந்தன் கதவைத் திறந்து தொங்கிக்கொண்டு கத்தினான். அவர்கள் "கோவிந்தா!" என்று கூவிக்கொண்டே பள்ளத்தில் குதித்தார்கள். தன் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவன் இன்னும் பலமாகக் கத்தினான். டிரெய்லர் இரண்டு தடவை லாரியை இடித்தது. கியரைக் குறைத்துக் குறைத்து, மண் சரிவில் ஏற்றி நிறுத்தினேன். என் கால் பிரேக்கிலிருந்து வர மறுத்தது.

ஓடிப் பின்னால் போனேன். சரோஜம்மா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ரத்தம். உயிர் இருந்தது. அந்தக் கம்பியை எப்படி விடுவது என்று அவருக்கு மறந்துபோயிருந்தது; விரல் விரலாக நான்தான் பிரித்துவிட்டேன்.

பள்ளத்திலிருந்து ஏறி வந்த ஓர் அம்மாள் தார்ப்பாய் மூடிய கூண்டைக் கையெடுத்துக் கும்பிட்டார்: "நாங்க கோவிந்தா போட்டதும் உள்ளயிருந்து பெருங்குரல்ல ஒருத்தர் பதில் போட்டாரே, யாருப்பா அந்த சாமி?"

எந்த ஊர் வண்டி?

திருத்தணி யாருக்கு என்று கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். அப்போது அது எங்கள் சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. மெட்ராஸோடு சேர வேண்டும் என்று ஊரே கிளம்பியிருந்தது. நகரி தாண்டிப் போகும்போது ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். லாரியைச் சுற்றிக் கூட்டம். முன்னால் நின்றவர்கள் ஆந்திரா எழுத்தைப் பார்த்துக் கல்லை எடுத்தார்கள். பக்கவாட்டில் நின்றவர்கள், "நம்ம மெட்ராஸ் வண்டிடா, வுடு" என்றார்கள். பின்னால் நின்றவர்கள், "இல்ல, அவுங்க வண்டி" என்று கூவினார்கள். ஒருவன் நம்பரை அழிக்கத் தார் டப்பாவோடு வந்தான்.

"நான் நகரிக்காரன்தான்பா! எங்க நைனா, தாத்தா எல்லாம் இங்கதான் பயிர் வெச்சிக்கினு இருந்தாங்க!" என்று கத்தினேன். என் தமிழை யார் கேட்டது? ஒரு கல் பறந்து வந்து கூண்டுக் கதவின் தாழ்ப்பாளில் விழுந்தது. தாழ்ப்பாள் வளைந்தது. ராணி உள்ளேயிருந்து கதவை மோதியது. கதவு ஒரு கை அகலம் திறந்து மூடியது.

சரோஜம்மா குதித்துப் போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். கோவிந்தனும் போய் நின்றான். நானும் போனேன். வீரம் ஒன்றும் இல்லை. ஓடினால் முதலில் என்னைத்தான் துரத்தும் என்று தோன்றியது. முதுகுக்குப் பின்னால் அதன் உறுமல் என் விலா எலும்பில் அதிர்ந்தது. சரோஜம்மா ராணியிடம் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தார். கூட்டம் அப்படியே பின்வாங்கியது. தார் டப்பாக்காரன் டப்பாவைப் போட்டுவிட்டு, தானே முன்னால் நின்று மரத்தை இழுத்து வழி விட்டான்:

"எல்லைய எங்கனா போட்டுக்கட்டும்பா, இத மட்டும் எங்க பக்கம் வெச்சிட்டுப் போயிடாத!"

சத்தமில்லாத வண்டி

பிறகு எல்லையைத் தீர்த்து வைத்தார்கள். திருத்தணி மெட்ராஸுக்குப் போயிற்று, சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது. சர்க்கஸ் அப்போது சத்தியவேட்டில் கூடாரம் போட்டிருந்தது. சரோஜம்மா ஆள் அனுப்பினார். போனால், ராணி தின்று நாலைந்து நாளாயிற்று என்றார். தலையைத் தூக்கவில்லை. மெட்ராஸில் மாட்டு டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். என் லாரிக்கு அந்தப் பக்கம் போகும் அனுமதி முடிந்திருந்தது. புதுப்பிக்கக் காத்திருந்தால் ராணி தாங்காது. பிடித்தால் லாரி போகும், என் லைசென்ஸும் போகும். "மாப்ளே, வூட்ல கொழந்தைங்க இருக்குது" என்றான் கோவிந்தன். சொல்லிவிட்டு, அவனே போய்க் கொக்கியை மாட்டினான்.

ஊத்துக்கோட்டைக்கு முன்னால் புதுச் சாவடி. இளவயது அதிகாரி ஒருவர் கையைக் காட்டினார். பக்கத்து நம்பர், பின் நம்பர், இரண்டையும் படித்தார். "அனுமதிச் சீட்டு?" என்றார். சரோஜம்மா தார்ப்பாயை விலக்கினார். அதிகாரி கம்பியிடம் வந்தார். முகத்தை உள்ளே நீட்டினார். ராணி கண்ணைக் கூடத் திறக்கவில்லை. அத்தனை வருஷத்தில், அந்தக் கூண்டுக்கு அவ்வளவு கிட்டே போன அதிகாரி அவர் ஒருவர்தான். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

தொண்டையில் எலும்பு குத்தியிருந்தது என்று மெட்ராஸ் டாக்டர் எடுத்துப் போட்டார். ராணி பிழைத்தது, ஆட்டத்துக்கு மட்டும் திரும்பவில்லை. அந்தச் சாவடியில் அதிகாரி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "போங்க, போங்க. புலி உறுமினாதான் பயப்படணும்னு நினைச்சேன், இது சும்மா இருக்கறதப் பாத்தா அதைவிட பயமா இருக்கு."

இப்போதெல்லாம் நான் மாம்பழம் மட்டும்தான் ஏற்றுகிறேன். அது உறுமுவதில்லை, கடிப்பதில்லை, அதற்கு ஒரே ஒரு நம்பர் போதும், ஆனால் சாவடியில் யாராவது கையைக் காட்டினால் என் கால் மட்டும் இன்னும் எந்த மாநிலத்துச் சட்டத்துக்கும் கட்டுப்படாமல் நடுங்குகிறது.