“போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனவன்

உலகத்திலேயே தன்னந்தனியாக மோட்டார் சைக்கிளில் அதிக தூரம் போனவன் என் தம்பிதான். சரி, உலகம் என்பது கொஞ்சம் கூடுதல். எங்கள் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் வண்டி வைத்திருப்பவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் துடைப்பதோடு சரி.

தம்பிக்கு ஐம்பத்து நான்கு வயது. பல்செட் செய்கிறவன். பல் மருத்துவமனை ஒன்றின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, மெழுகில் பல் பதித்து, அச்சில் வார்த்து, ராவி, மெருகு போட்டு அனுப்புவான். முன்பக்கம் வந்துபோகும் முகங்களை அவன் பார்த்ததே இல்லை. அவனிடம் வருவது ஒரு வாயின் அச்சும் ஒரு எண்ணும். முப்பது வருடமாக ஊரைச் சிரிக்க வைப்பவனுக்குச் சிரித்துப் பேச ஆளில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் கடைவாய்ப் பல்லைக் காட்டச் சொன்னான் என்று சொந்தக்காரர்களிடம் கிளப்பிவிட்டவள் நான்தான், அது பொய். அம்மா இருந்தவரை அம்மாவோடு இருந்தான். அம்மா போய் மூன்று வருடமாகிறது. இப்போது அவன் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான் என்பது பூட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

சேர்த்து வைத்திருந்த விடுப்பையெல்லாம் ஒன்றாக எடுத்துக்கொண்டு வெளிநாடு போய், அங்கே ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்தான். எல்லாம் ஒரு கடலுக்காக. நிலம் முடிகிற முனையில் கலங்கரை விளக்கம். அதன் அடியில் நின்று சூரியன் விழுவதைப் பார்க்க வேண்டும். நாலு வருட ஆசை. அதற்கு வாய்த்தது ஒரே ஒரு மாலைதான். மறுநாள் வண்டியை ஒப்படைத்துவிட்டு விமானம் ஏற வேண்டும்.

அந்தக் கடைசி நாளன்று காலையில் ஒரு மலைவீட்டிலிருந்து கிளம்பினான். வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். மூன்று அறைகளை வழிப்போக்கர்களுக்கு விட்டுவிட்டு, நாலாவதில் தனியாக இருந்தார். கீழ்ப் பல்செட் தளர்ந்து, பேசினால் டக் டக்கென்று தட்டியது. தம்பிக்குக் கை பரபரத்தது. ஆனால் அதை எந்த பாஷையில் சொல்ல?

மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து, போனை வாய்க்கு நேரே பிடித்து, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான்.

“அப்ப, போயிட்டு வரேம்மா.”

போன் அதை அந்த அம்மாளின் மொழியில் சொன்னது. அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. ஏதோ கேட்டு, ஏழு விரலைக் காட்டினார். கடலுக்குப் போய்ச் சேர ஏழு மணியாகும் என்கிறார் போல என்று நினைத்து, இவனும் ஏழு விரலைக் காட்டித் தலையாட்டினான். வாசல்வரை வந்து கையசைத்தார்.

அந்த நாட்டில் சாலையின் வலப்பக்கம் போக வேண்டும். மறந்துவிடாமல் இருக்கக் கைக்கடிகாரத்தைக் கழற்றி வலக்கையில் கட்டியிருந்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் “கடிகாரப் பக்கம், கடிகாரப் பக்கம்” என்று ஹெல்மெட்டுக்குள் முணுமுணுப்பு. அன்று அவன் பேசிய பேச்சில் பாதி அதுதான். பெட்ரோல் பங்கில் இயந்திரமே அட்டையை வாங்கி, இயந்திரமே நன்றி சொன்னது. ஆளில்லாத பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றான். எனக்கு ஒரு மலை, ஒரு பாலம், ஒரு ரொட்டி என மூன்று படம் அனுப்பினான். மூன்றுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நான் தூங்கப் போய்விட்டேன்.

மதியம் இரண்டு மணிக்குச் சரளைக்கல்லில் வண்டியை நிறுத்தும்போது, நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுந்தான். அடி ஒன்றுமில்லை. யாராவது பார்த்துவிட்டார்களோ என்று வெட்கத்தோடு சுற்றிப் பார்த்தான். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு ஈ காக்கை இல்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு, அந்த நிம்மதி போய், என்னவோ போல் ஆகிவிட்டது. வண்டியை மெல்ல நிமிர்த்தினான்.

நாலு மணிக்குக் கடைசி மேட்டில் ஏறினான். தூரத்தில் நீலமாக ஒரு கோடு. கடல். இன்னும் அரை மணி நேரம்தான். அப்போது போன் துடித்தது. வீட்டுக்கார அம்மாள் அனுப்பியிருந்தார். ஒரு படம்: மேசை, இரண்டு தட்டு. கீழே இயந்திரத் தமிழில்: “நீங்கள் திரும்பி வருகிறீர்கள் சொன்னது. ஏழு மணி. மழை பாதை கவனம்.”

ஒன்றும் விளங்காமல் செயலியில் காலையில் பேசியதைத் தேடினான். அவன் சொன்னதை அது ஒரு சொல் பிசகாமல் மாற்றியிருந்தது: நான் போய்விட்டுத் திரும்பி வருவேன்.

உடனே என்னைக் கூப்பிட்டான். விஷயத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஏண்டா, ‘போறேன்’னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“கிளம்புறப்ப யாராவது ‘போறேன்’னு சொல்வாங்களாக்கா? வாய் வருமா?”

“சரி, தப்பா புரிஞ்சுக்கிட்டீங்கன்னு ஒரு வரி அனுப்பு. முடிஞ்சது கதை.”

“எழுதிட்டேன்க்கா.”

“அப்புறம் என்ன? அனுப்ப வேண்டியதுதானே.”

போனில் காற்று மட்டும் கேட்டது.

“டேய், இருக்கியா?”

“ரெண்டு தட்டு வச்சிருக்காங்கக்கா.”

“அதுக்கு? கடல விட்டுட்டுத் திரும்பப் போறியா? நாலு வருஷமா என் உயிரை வாங்கினியேடா, அந்தக் கடல் கடல்னு!”

“கடல்தான் தெரியுதே இங்கருந்து,” என்றான்.

போனை வைத்துவிட்டான். மேட்டில் நின்று அந்த நீலக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறான். எழுதி வைத்த வரியை அழித்தான். வண்டியைத் திருப்பினான்.

திரும்பும் வழியில் அடைமழை. ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் முழங்கால் உயரம். அதைக் கிழித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட, ஏழேகாலுக்கு அந்த வீட்டு வாசலில் போய் நின்றான். வீட்டுக்கார அம்மாள் வாசலிலேயே காத்திருந்தார். ஓடி வந்து கட்டிக்கொண்டு, பெற்ற பிள்ளையைக் கண்டது போல் ஓவென்று அழுதுவிட்டார்—

இதுவரை எழுதியதை நான் படித்துக் காட்டும்போது எதிரே உட்கார்ந்திருந்த தம்பி, இந்த இடத்தில் கையை நீட்டித் தாளைப் பிடித்துக்கொண்டான்.

“அளக்காதக்கா. முழங்கால் தண்ணியெல்லாம் இல்ல, தூறல்தான். நான் போனப்ப மணி எட்டே முக்கால். யாரும் வாசல்ல நிக்கல, யாரும் அழல. அவங்க சாப்பிட்டு, தட்டுகூட கழுவி வச்சுட்டாங்க. கதவைத் திறந்ததும் திட்ட ஆரம்பிச்சாங்க பாரு, அப்படியொரு திட்டு. பல்செட்டு டக்கு டக்குனு அடிக்குது, நிறுத்தவே இல்ல. எனக்கு ஒரு வார்த்தை புரியல. ஈரத்தோட நின்னு முழுசாக் கேட்டேன்.” பிடித்திருந்த தாளை விட்டான். “லேட்டா வந்தேன்னு என்னைத் திட்டி மூணு வருஷமாச்சுக்கா. அதை எழுது.”