மயிலுக்கு மாட்டு விலை

ஆடிக் காற்றில் அருப்புக்கோட்டையே புழுதியாகப் பறந்துகொண்டிருந்த ஒரு காலையில், ஒரு மயிலைப் பம்பாய்க்கு அனுப்பினேன். காகித மயில். நூல் கட்டின் மேல் மில்காரர்கள் ஒட்டி அனுப்பும் லேபிள், உள்ளங்கை அகலம், கழுத்தில் வெளுக்காத நீலம். அனுப்பியது எண்பதுகளின் கடைசியில். அக்கா பாவாடை கட்டிய வயதில், எங்கள் நூல் கடைக்கு வந்திறங்கிய கட்டுகளிலிருந்து, சோற்றுப்பானை ஆவியில் காட்டிக் காட்டி, கிழியாமல் உரித்துச் சேர்த்தது. யானை, கப்பல், ஊஞ்சலாடும் பெண், இரட்டைக் கிளி என்று முப்பத்தாறு. கல்யாணமாகித் திருச்சுழிக்கு அவள் போனபோது, பிஸ்கட் டப்பாவுக்குள் அவையும் போயின. மற்றதெல்லாம் படம், மயில் மட்டும் அவளுக்கு ஆள்.

கேட்டவர் பம்பாயில் சாயக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் எங்கள் பக்கம். பழைய லேபிள் சேர்ப்பவர். தை மாதம் ஒரு கண்காட்சி வைக்கிறேன், கொடுத்தால் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன் என்று கடைக்குக் கடிதம் போட்டிருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த பஸ்ஸில் திருச்சுழிக்குப் போய் இறங்கினேன்.

அக்கா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். "திரும்பி வருமாலே?"

"இன்ஷூர் பண்ணி அனுப்புவோம்க்கா. தொலைஞ்சா எழுதுன தொகையைக் குடுத்துருவாக."

"தொகையை வச்சு நான் என்ன செய்ய? மயிலு வருமா?"

ஆனாலும் மூடியைத் திறந்தாள். பம்பாயில் பத்துப் பேர் பார்ப்பார்கள் என்ற நினைப்பு அவளையும் அசைத்திருக்க வேண்டும். எவ்வளவு எழுதட்டும் என்று கேட்டேன். தொழுவத்தில் நின்ற செவலைப் பசுவைப் பார்த்தாள்.

"செவலையை வித்தா என்ன வருமோ, அதை எழுது."

செவலைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அத்தான் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "மாப்ள, எங்க லாரி ஆபீஸ்ல பருத்தி லோடுக்கே பாதி விலைதான் எழுதுவோம். விலையை எழுதுறதும் களவாணிக்கு விலாசம் எழுதுறதும் ஒண்ணு. பழைய தாளுன்னு போட்டு அனுப்புவியா!"

"உங்களுக்கு அது பழைய தாளு. நீங்க மாட்டைப் பாருங்க" என்றாள் அக்கா.

தபால் ஆபீஸில் முறை கேட்டுக்கொண்டேன். துணியில் வைத்துத் தைக்க வேண்டும். தையல் ஓடும் இடமெல்லாம் அரக்கு; எல்லா அரக்கிலும் ஒரே முத்திரை; காசை வைத்து அழுத்தக் கூடாது, பிறரிடம் இல்லாத அச்சாக இருக்க வேண்டும். கடையின் பித்தளை முத்திரை இருந்தது. இரண்டு அட்டைக்கு நடுவில் லேபிள்களை அடுக்கி, காடாத் துணி சுற்றி, நூல் கட்டுவதைப் போலவே கட்டினேன். நூலுக்கு மூச்சுவிட வழி வேண்டும் என்பது கடைப் பழக்கம். பதினான்கு இடத்தில் அரக்கு உருக்கினேன். பழுதில்லாத கோட்டை.

"உள்ள என்ன?" என்றார் தபால் ஆபீஸ்காரர்.

"லேபிள் சார்."

"தீப்பெட்டி லேபிளா?"

"நூல் லேபிள். பழசு."

எழுத்திலும் எண்ணிலும் நான் எழுதியிருந்த தொகையைக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "இதுக்கு ஒரு மாடு வாங்கலாமேய்யா!"

"மாட்டு விலைதான் சார்."

அவர் சிரிக்கவில்லை. எடை போட்டு, கிராம் சுத்தமாக மேலே எழுதி, ரசீது கொடுத்தார்.

பதினைந்து நாளில் கடிதம் வந்தது. 'முத்திரைகள் சரியாக இருந்தன. துணியின் ஒரு மூலையில் நனைந்து காய்ந்த கறை. உள்ளே எல்லாம் ஒட்டி ஒரே பாளமாக இருக்கிறது. பிரிக்க எனக்குத் தைரியம் இல்லை. இங்கே ஒரு மாதமாக விடாத மழை.'

மழை. பூட்டுக்கு யோசித்தேன், கைமாறும் இடங்களுக்கு யோசித்தேன், பொய் முத்திரைக்கு யோசித்தேன். மழை என் நினைப்பிலேயே இல்லை. ஆடியில் எங்களுக்கு வானம் என்பது காற்றும் வெளிச்சமும்தான், குடை வெயிலுக்கு. கண்மாய் வெடித்துக் கிடக்கும் ஊரிலிருந்து அனுப்புகிறவன், போய்ச் சேரும் ஊரில் பெய்யும் என்று நினைக்கவில்லை. லேபிள்களின் முதுகில் பழைய பசை வேறு. ஈரத்துக்குக் காத்திருந்திருக்கிறது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு தபால் ஆபீஸுக்குப் போனேன்.

"முத்திரை உடைஞ்சிருக்கா?"

"இல்ல சார்."

"எடை கொறைஞ்சிருக்கா?"

"ஈரத்துக்குக் கூடத்தான் செஞ்சிருக்கும்."

"பாலித்தீன் சுத்துனீகளா?"

கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். "பொருளுக்குத் தக்கன கட்டுறது அனுப்புறவர் பொறுப்பு தம்பி" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை.

பம்பாய்க்காரர் பாளத்தை அப்படியே திருப்பி அனுப்பினார். அதை அக்காவின் கையில் வைத்தபோது ஏச்சு விழும் என்று நின்றேன். அவள் முகர்ந்து பார்த்தாள், ஓரத்தை நகத்தால் நெருடினாள். பிறகு அடுப்பில் இட்லிச் சட்டியை ஏற்றினாள். சிறுமியாக இருந்தபோது செய்த அதே வேலை. ஆவியில் காட்டுவது, ஊதுவது, ஒரு நூலளவு தூக்குவது, விடுவது. அன்றைக்கு நாலு. மறுநாள் ஐந்து. ஒரு வாரம் ஆனது. நான் கடைக்கும் திருச்சுழிக்குமாக அலைந்தேன். ஒன்பது போய்விட்டன. ஊஞ்சல் இருக்கிறது, பெண் இல்லை. மயில் கடைசியில் வந்தது. தோகை நுனி கிழிந்து, அந்த இடத்தில் அடியிலிருந்த யானையின் முதுகு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

அக்கா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "இங்க பாரு, பம்பாயில யானை மேல ஊர்வலம் போயிருக்கு" என்று சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கார்த்திகையில் அவளே சொன்னாள், மறுபடி அனுப்பு என்று. யூரியா மூட்டையின் பாலித்தீன் உள்ளுறையை அத்தான் நாலு தண்ணீர் விட்டு அலசி, உலர்த்தித் தந்தார். இரண்டு சுற்றுச் சுற்றி, அதற்கு மேல் துணி, அரக்கு. தொகை எழுதும் இடத்தில் என் பேனா நின்றது.

"செவலைக்குப் பால் வத்திருச்சு. விலை எறங்கிருச்சு" என்றார் அத்தான். "மயிலுக்கும் வாலு போயிருச்சு. பார்த்து எழுது மாப்ள."

"மொத எழுதுனதையே எழுதுலே" என்றாள் அக்கா. "கொறைக்காத."

எழுதினேன். தை போனது. மாசி பாதியில் பார்சல் கடைக்கு வந்தது. துணியில் கறை இல்லை, அரக்கு அத்தனையும் முழுசு. பிரிக்காமல் திருச்சுழிக்கு எடுத்துப் போனேன். அக்கா கத்தரியை எடுத்தாள், வெட்டவில்லை. திருப்பித் திருப்பி, மேலே பம்பாய்க்காரர் கையெழுத்தில் இருந்த தொகையை எழுத்துக்கூட்டி வாசித்தாள். கிழிந்த வாலைக் கண்ணால் பார்த்த மனிதர் எழுதியது.

"ஏங்க, இங்க வாங்க" என்று தொழுவத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். "அவுகளும் மாட்டு விலைதான் எழுதியிருக்காக."