சிநேகிதி என்ற பெயரில் ஒரு தத்துவாசிரியர்

புத்தகக் கடையில் வேலை என்றால் நாள் முழுக்க வாசிக்கலாம் என்று நினைக்கிறவர்கள், புத்தகக் கடையில் வேலை செய்யாதவர்கள். செய்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் விளங்கும்.

எழுபதுகளில் சிட்னியில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வேலைக்கு நின்றேன். ஒரு பிரெஞ்சு அம்மாவின் புத்தகங்கள் அப்போது நன்றாகப் போயின. கத்தோலிக்க வீட்டில் பிறந்து, சின்ன வயதிலேயே கடவுளை விட்டு, தத்துவம் படித்துக் கற்பித்து, நாவலும் சுயசரிதையும் எழுதியவர். கல்யாணம் வேண்டாம் என்று, தனக்குப் பிடித்த இன்னொரு தத்துவாசிரியரோடு சம உறவில் வாழ்ந்தவர். அந்த அம்மாவால்தான் எனக்கு இத்தனை கோபமும் வந்தது.

சமையலுக்குப் பக்கத்தில்

பெண்ணைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகம் சமையல், தையல், பிள்ளை வளர்ப்புத் தட்டில் இருந்தது. நான் இலங்கையில் தத்துவம் படித்தவள். எடுத்துக்கொண்டுபோய்த் தத்துவத் தட்டில் வைத்தேன். அடுத்த நாள் காலை அது பழையபடி கேக் செய்முறைகளுக்கு நடுவில் நின்றது. மறுபடி மாற்றினேன். மறுபடி வந்துவிட்டது.

முதலாளி கென்னிடம் நேரே போய், இது தத்துவம் என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பெண்களுக்கான புத்தகம், பெண்கள் வந்து நிற்கிற இடத்தில் இருக்கட்டுமே."

நாலாவது விரிவுரை

ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர், இருத்தலியல் வகுப்புக்குப் புத்தகம் சொல்லிவைக்க வந்தார். எல்லாம் ஆண்கள் எழுதியவை. சுதந்திரத்தையும் பொறுப்பையும் பற்றி இந்த அம்மா தனியாக ஒரு நூல் எழுதியிருக்கிறாரே, அதில் ஒன்றாவது எடுக்கலாமே என்று கேட்டேன். என்னைக் கீழே விழுந்த சில்லறையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் வாடிக்கையாளர். சிரிக்கவேண்டியது என் வேலை, சிரித்தேன்.

"அவரை நான் விடவில்லையே. நாலாவது விரிவுரை அவருடைய துணைவரைப் பற்றி. அதில் வருகிறார், சிநேகிதியாக."

லிட்கம்காரர்

சிட்னியின் புறநகரான லிட்கம்மில் இருந்த சறோ, ஊரில் ரீச்சராக இருந்தவள். இங்கே வந்தபிறகு குசினி அடுப்போடு சரி. ஒருநாள் அந்தப் பெரிய புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். ஒரு மாதம் கழித்து அவளுடைய கணவர் அதை என் முன்னால் வைத்தார். பக்கங்களில் பென்சில் கோடுகள்.

"இதை நீங்களே வைச்சிருங்கோ தங்கச்சி," என்றார்.

"ஏன் அண்ணை, புத்தகத்தில என்ன பிழை?"

"படிப்பிக்கப் போகப்போறன் எண்டு நிக்கிறா. வேண்டாம் எண்டா ஏன் எண்டு கேக்கிறா. எனக்கு அந்தக் கேள்வி பழக்கமில்லை."

மதிய நேரம்

அதற்குப் பிறகு சறோ தனியாக ரயிலேறி வரத் தொடங்கினாள். நின்றபடியே அதே புத்தகத்தை வாசிப்பாள். நான் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டால் கென் எடுத்துவிடுவார், இது நூல்நிலையமில்லை என்று. அவருடைய நண்பர்கள் கார்ப் பத்திரிகைகளை ஓசியில் புரட்டும்போது மட்டும் அது நூல்நிலையமாக இருந்தது.

ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்த அன்றைக்கு வந்து, புத்தகத்தைத் தட்டில் திருப்பி வைத்தாள். சந்தோஷமா என்று கேட்டேன்.

"சந்தோஷம் பிறகு பாப்பம் அக்கா. இங்க வந்து ரெண்டு வருசம் சும்மா போச்சுதே எண்டுதான் இப்ப ஆத்திரம் வருது."

கண்ணாடி அலுமாரி

முதுமை பற்றிய அவருடைய புத்தகம் வந்தபோது, வாசல் கண்ணாடி அலுமாரியில் அவருடைய நூல்களை எல்லாம் அடுக்கினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நடுவில் ஒரு பெரிய படம். அவருடைய படமில்லை, அந்தத் துணைவருடையது. எடுத்தேன். கென் திரும்ப வைத்தார்.

"எழுதினது இந்த அம்மா. இந்த ஆளின் படம் எதுக்கு? அது அங்கே இருந்தால் நான் இங்கே இல்லை," என்றேன். கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வாசல்வரை பின்னாலேயே வந்த கென், உண்மையாகவே புரியாமல் கேட்டார்:

"சண்டை பிடிக்க அந்த அம்மா என்ன உன் சொந்தக்காரியா?"

மூன்று வருடத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: அவருடைய புத்தகத்தை விற்பது சுலபம், அதை அவரே யோசித்து எழுதினார் என்று நம்புவதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.