மருமகனின் வண்டுப் படம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலாம் வகுப்போடு நின்றவள், எழுத்து மெதுவாகத்தான் வரும்.

புத்தூரில் இருக்கிற இந்த வீட்டைக் கடைசி மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தேன். மருமகனும் இங்கேதான் வந்து இருக்கிறார். கொம்பியூட்டர் படிப்பிக்கிறவர். படித்த மனிதர், படிப்புக் கொஞ்சம் கூடிப்போன மனிதர்.

வாசலில் இருந்த பழைய தகரக் கேற் துருப்பிடித்து விழுந்தது. புதியதை ஒரு படத்தைப் பார்த்து இரும்பில் வெட்டுவிக்கப் போவதாகச் சொன்னார். மூன்று நாள், பள்ளிக்கூடத்தால் வந்ததும் கொம்பியூட்டருக்கு முன்னால்தான் இருப்பு. நான் பின்னால் கதிரையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டு பார்த்தேன். திரையில் ஒரு கறுத்த வண்டு, சுற்றிவர மயிர். மவுஸின் சில்லை உருட்டினால் படம் பெரிதாகும். மயிருக்குள் சுழி, சுழிக்குள் கொடி, கொடிக்குள் திரும்பவும் அதே வண்டு.

“இதுக்கு முடிவே இல்லை மாமி. ஒரு சின்னக் கணக்குத்தான். எவ்வளவு உள்ளுக்குப் போனாலும் வந்துகொண்டே இருக்கும்.”

“போய்ப் போய் அந்த வண்டைத்தானே தம்பி காணுறியள். அதை வாசலிலேயே கண்டனாங்கள்.”

மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் எட்டுக் கை விரித்த ஒரு சுழியைப் பிடித்தார். அதுதான் கேற்றாம். முழுக்க ஓட்டை. நாங்கள் வேலி அடைப்பதே றோட்டால் போகிறவன் முற்றத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான்.

“இப்ப ஆர் மாமி பாக்கினம்? பாத்தாலும் வடிவெண்டு ரசிப்பினம்.”

“ரசிக்கிறவைக்கு நான் உள்பாவாடை காயப்போடுறதும் தெரியும்.”

அவர் கேட்கவில்லை. வீட்டை எழுதிக் கொடுத்தவளுக்கு வாசலில் சொல் இல்லை.

போன் வந்து அவர் எழும்பிப் போனார். இன்னும் என்ன கிடக்கிறது என்று பார்க்க நான் சில்லை உருட்டினேன். எதிர்ப்பக்கம் உருட்டிவிட்டேன் போல. படம் ஓடி ஓடி முதல் வண்டுக்கே வந்து நின்றது.

“அந்த இடத்தின்ரை இலக்கத்தை எழுதி வைக்கேல்லையே மாமி,” என்று தலையில் கை வைத்தார். இரண்டு நாள் தேடினார். எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கிறதாம். பனங்காணிக்குள் மாடு தேடப் போகிறவன்கூட வந்த வழியைப் பார்த்து வைப்பான்.

சனிக்கிழமை வெல்டிங்காரர் வருவதாக இருந்தது. வெள்ளி காலை, அவர் வேலைக்குப் போன பிறகு, நான் அவரின் கதிரையில் இருந்தேன். வண்டின் கழுத்துப் பள்ளம். இடப்பக்கம் மூன்றாவது முளை. இரட்டைச் சுழியில் சின்னது. அதன் வாலில் எட்டுக் கை. முருங்கையிலை உருவுகிற நேரம்கூட எடுக்கவில்லை. அவருக்கு இலக்கம் வேண்டும். எனக்கு வழி தெரிந்தால் போதும்.

கொஞ்ச நேரம் பார்த்தேன். வடிவாகத்தான் இருந்தது. பிறகு வெளியே உருட்டிவிட்டு எழும்பினேன்.

மறுநாள் வெல்டிங்காரர் மருமகனிடம், “படம் எங்கை ஐயா?” என்று கேட்டார்.

“முழுத் தகரம் அடியுங்கோ தம்பி,” என்றேன். “ஏழடி.”

இதை எழுதி முடித்து, அவரின் மகளை, என் பேத்தியைக் கூப்பிட்டேன்.

“பிள்ளை, ஒருக்கா வாசிச்சுக் காட்டு. கதவைச் சாத்திப்போட்டு வா. கொப்பர் வாறதுக்கு முதல் முடிக்கவேணும்.”