பதாகையில் இருந்த கைகள்

பள்ளிமுனைக் கரையோரத்து நண்டுத் தொழிற்சாலைக்குச் சோறு போட்டவை பெற்றிசியாவின் விரல்கள். இல்லை, தொழிற்சாலைதான் அவளுக்குச் சோறு போட்டது என்று முதலாளி சொல்லுவார். சொல்லட்டும், அவருக்கென்ன, ஒரு நண்டை உடைத்திருப்பாரா?

அவித்த நண்டிலிருந்து ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூட வராமல் சதையை எடுப்பதில் பன்னிரண்டு வருசமாக அவளை விஞ்ச ஆளில்லை. கையுறையை அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் மாட்டுவாள். "அதைப் போட்டால் ஓடு விரலுக்குத் தெரியாது பிள்ளை," என்பாள். பக்கத்து மேசை ஹுஸ்னியாவும் அதைக் கேட்டு வெறுங்கையோடுதான் வேலை செய்தாள். கடலுக்குப் போன புருசன் திரும்பி வராமல் போன பிறகு, அந்த வெறுங்கையால்தான் பெற்றிசியா தன் மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள்.

தை மாதம் வாசலில் கைரேகை மெஷின் வைத்தார்கள். மாதத்தில் மூன்று நாள் ரேகை பதியாவிட்டால் பெயர் வெட்டு. நண்டு முள்ளும் உப்பும் ஐஸும் தின்ற விரலில் ரேகைக்கு எங்கே போவது? மார்ச் பிறந்து ஒரு கிழமைக்குள் இரண்டு நாள் போய்விட்டது.

எட்டாம் திகதி, மகளிர் தினம். வாசலில் பெரிய பதாகை: 'பெண்களின் கரங்களே எமது பலம்.' படத்தில் இருந்தவை பெற்றிசியாவின் கைகள். போன கிழமைதான் படம் பிடித்தார்கள். கோணல் சுண்டுவிரலைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பெருவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. தலைமுடியில் தேய்த்து வைத்தாள். சிவப்பு. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். மூன்றாவது நாளும் போனது.

"ரொபின்சன், என்னைத் தெரியாதே உமக்கு?"

மேற்பார்வையாளன் தலையைக் குனிந்தான். "தெரியும் அக்கா. மெஷின் சொல்லுறதுதான் கொழும்பு ஒபிசுக்குப் போகுது. நான் என்ன செய்ய?"

"அப்ப நான் வீட்டை போறன்."

"ஐயோ, கொஞ்சம் நில்லுங்கோ அக்கா! விழாவுக்கு வாற ஆக்கள் அந்தக் கையைப் பார்க்கோணுமாம்."

என்ன கோதாரி இது! பெற்றிசியா பதாகையை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தக் கை இண்டைக்கு வேலைக்கு வரேல்லையாம், தம்பி. வராத கையை நான் எப்பிடிக் காட்டுறது?"

பதாகைக்குக் கீழால் நடந்து வெளியே போனாள். அவளை யாரும் மறிக்கவில்லை.

உள்ளே ஹுஸ்னியா தன் பத்து விரலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.